எதிர்க்காற்றும் பின்காற்றும்

நமது சங்கத்தின் திங்களிதழில் இதுவரை நான் எதுவும் எழுதியதில்லை. ஆண்டு விழாவுக்கு நாற்காலி வாடகைக் கணக்கு எழுதியதுண்டு. சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியல் எழுதியதுண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலந்தள்ளும் ஒருவனிடம் அதற்குமேல் யாரும் எதிர்பார்க்கவுமில்லை. ஆயினும் இந்த ஜோத்பூரை விட்டுப் போவதற்குமுன் ஒரு கடனைப் பற்றி நேயர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. கடன் என்றால் பணக்கடன்தான், ஒன்பதாயிரம் ரூபாய். அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக இந்தப் பாலை நிலத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் சைக்கிள் மிதித்துப் போனேன். அந்தப் பிரயாணத்தின் வரலாறே இது.

என் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். 2012ஆம் ஆண்டு, இருபத்திரண்டாம் வயதில், இருப்புப்பாதைத் தொழிலாளியாக ராஜஸ்தானுக்கு வந்து சேர்ந்தேன். முதலில் என்னை அனுப்பிய இடம் பொக்ரானுக்கு அப்பால், ஜெய்சல்மேர் போகும் பாதையில், லாட்டி என்னும் சிற்றூர்ப் பக்கம். அங்கே தண்டவாளத்துக்கு மழையால் வரும் தொல்லை சிறிது. காற்றால் வரும் தொல்லையே பெரிது. ‘ஆந்தி’ என்னும் புழுதிப்புயல் ஒருமுறை வீசினால், முதல் நாள் பளபளவென்று கிடந்த தண்டவாளம் மறுநாள் மணலுக்குள் மறைந்து கிடக்கும். மண்வெட்டியால் அதை வாரி அப்பால் தள்ளுவது எங்கள் வேலை. தள்ளிய மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடுவது காற்றின் வேலை. இருவரில் யாரும் சலித்ததில்லை.

எங்கள் கூட்டத்துக்கு ‘மேட்’டாக இருந்தவர் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர். எல்லோரும் அவரைக் ‘காகோசா’ என்று அழைப்பார்கள். சிற்றப்பாவை மரியாதையோடு அழைக்கும் மார்வாடிச் சொல் அது. நான் வந்த முதற் கோடையில், மேற்கே வானம் செம்பழுப்பாய் எழுந்து வருவதைக் கண்டு, மழை வருகிறது என்று எண்ணி மகிழ்ந்து நின்றேன். அவர் ஓடிவந்து என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தம் தலைப்பாகையை அவிழ்த்து இருவர் முகத்தையும் சேர்த்து மூடினார். “காற்றுக்கு முதுகைக் காட்டு. வாயைத் திறக்காதே. அது போய்விடும்” என்றார். அது போவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியும் நான் இந்த மண்ணைத் தமிழில் வைது தீர்த்தேன். மொழி தெரியாவிட்டாலும் வசவு தெரியும் போலும். புயல் ஓய்ந்தபின் அவர் சிரித்துக்கொண்டே, “ரயில் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு எங்கள் ஊரைத் திட்டுகிறாய். ஒருமுறை ஜோத்பூரிலிருந்து சைக்கிளில் வந்து பார், பிறகு திட்டு” என்றார். அவர் இளமையில் அப்படிப் பலமுறை போய்வந்தவராம்.

2014ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒருநாள் காலை, ஊரில் என் தந்தையார் காலமானதாகச் செய்தி வந்தது. ரயிலில் போனால் மூன்றாம் நாள்தான் ஊர்போய்ச் சேரலாம். விமானத்துக்கு என்னிடம் பணமில்லை. தண்டவாளத்தின் மீதே உட்கார்ந்துவிட்டேன். காகோசா ஒன்றும் பேசாமல் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தார். அதில் ஒன்பதாயிரம் ரூபாய் இருந்தது. முந்திய வாரம் ஆடு விற்ற பணம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் பகலில் நான் ஊர் போய்ச் சேரும்வரை உறவினர் சடங்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். தந்தையின் முகத்தைக் கண்டேன், கொள்ளியும் வைத்தேன்.

அடுத்த மாதமே திருப்பித் தந்துவிடுவதாகத்தான் எண்ணியிருந்தேன். வாழ்க்கை அப்படி விடவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. தந்தையின் மருத்துவக் கடன் ஒருபுறம். தங்கையின் திருமணம் ஒருபுறம். 2016இல் இலாகாத் தேர்வில் தேறி எழுத்தனாகி ஜோத்பூருக்கு வந்தேன். அதே ஆண்டில் அவரும் ஓய்வு பெற்றார். பிறகு எனக்குத் திருமணம். ஒரு பெண் குழந்தை. இரண்டு மூன்று முறை தொலைபேசியில், “பணத்தை அனுப்பிவிடுகிறேன், காகோசா” என்றேன். “அனுப்பாதே. கையில் கொண்டுவந்து கொடு” என்பார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் இருந்துவிட்டேன். கொடுத்தவர் கேட்கவில்லை என்பதால் கடன் குறைந்துவிடுமா? பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

2024 பிப்ரவரியில், நான் பல ஆண்டுகளாக மனுப்போட்டுக் காத்திருந்த மாற்றல் உத்தரவு வந்தது. சொந்த விருப்பத்தின் பேரில் தெற்கு ரயில்வேக்கு மாற்றல். அங்கே பணிமூப்பில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். ஆயினும் தாயார் அருகில் இருக்கலாம். இங்கிருந்து விடுவிப்பு மே மாதம். உத்தரவைக் கையில் வாங்கியதும் முதலில் வந்தது மகிழ்ச்சி. இரண்டாவதாக வந்தது ஒரு துணி முடிச்சின் ஞாபகம்.

“லாட்டிக்குப் போய்விட்டு வருகிறேன், சைக்கிளில்” என்று வீட்டில் சொன்னேன்.

“ஏங்க, ரயில்வேக்காரர் நீங்க. பாஸ் இருக்கு. வாசலில் ஏறினால் அங்கே போய் இறங்கலாம். இந்தக் காற்றிலும் வெயிலிலும் சைக்கிள் எதற்கு?” என்றாள் மனைவி.

“அவர் அப்படித்தான் வரச் சொன்னார்.”

“அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய பேச்சு.”

“கடனும் பழைய கடன்தானே” என்றேன். அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பொட்டுக்கடலை உருண்டை பிடிக்க எழுந்து போனாள்.

ஹோலி கழிந்த மூன்றாம் நாள், விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டேன். வண்டி, சந்தையில் வாங்கிய பழைய இருபத்திரண்டு அங்குலச் சைக்கிள். பின் காரியரில் ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு போர்வை, பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், உருண்டை டப்பா. சட்டையின் உட்பையில் பன்னிரண்டாயிரம் ரூபாய். ஒன்பதாயிரம் கடன், மூவாயிரம் பத்து ஆண்டுக்கு என் மனச்சாட்சி விதித்த வட்டி.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு இருப்புப்பாதை வடக்கே சுற்றிக்கொண்டு ஒசியான், பலோதி, ராம்தேவ்ரா வழியாகப் போகிறது. சாலையோ பாலேசர், தேச்சு என்னும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு நேராகப் பொக்ரானை அடைகிறது. அதன்பிறகே இரண்டும் பக்கம் பக்கமாய்ப் போகும். ஆகவே, பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பகுதியில் உத்தியோகம் பார்த்தும் நான் அந்தச் சாலையைக் கண்ணால் கண்டவனில்லை.

முதல் ஐந்து மணி நேரம் சுகமான பிரயாணம். மேற்கு வானில் தேய்பிறை நிலா இருந்தது. காற்று என்பதே இல்லை. பொழுது புலர்ந்தபின் இருமருங்கும் மணற்பரப்பும், இடையிடையே மரங்களும் தெரிந்தன. இங்குள்ளோர் ‘கேஜ்ரி’ என்று போற்றும் மரம் நம் வன்னி மரந்தான். விஜயதசமியன்று நம் கோயில்களில் சுவாமி அம்பு போடும் அதே வன்னி. அதன் காயை ‘சாங்ரி’ என்று கறி சமைக்கிறார்கள். தழையை ஆடும் ஒட்டகமும் தின்கின்றன. 1730ஆம் ஆண்டு, ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்னும் ஊரில், அரசனின் ஆட்கள் இம்மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தாதேவி என்ற மாது மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் கொடுத்தாள் என்றும், அவளையும் சேர்த்துப் பிஷ்ணோய் மக்கள் 363 பேர் மாண்டார்கள் என்றும் சொல்வார்கள். ஒரு மரத்துக்கு அத்தனை உயிர் ஏன் என்று நான் முன்பெல்லாம் நினைத்ததுண்டு. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் அதன் நிழலில் போய் விழுந்தபோது அப்படி நினைக்கத் தோன்றவில்லை.

ஒன்பதரை மணிக்குப் பாலேசரைத் தாண்டினேன். எழுபது கிலோமீட்டர் வந்துவிட்டோம், இருட்டுவதற்குள் பொக்ரானையே பிடித்துவிடலாம் என்று மனத்துள் செருக்குக்கூட எழுந்தது. பத்து மணிக்குக் காற்று வந்தது.

பாலைவனத்துக் காற்றுக்கும் கதிரவனுக்கும் ஓர் உடன்படிக்கை உண்டு. இரவில் நிலம் விரைவாய்க் குளிர்கிறது. அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, தரையோடு படுத்துவிடுகிறது. மேலே ஓடும் வேகக்காற்று கீழே இறங்குவதில்லை. வெயில் ஏறி மணல் சுட்டபின் தரைக்காற்று சூடாகி மேலெழ, மேலேயுள்ள வேகக்காற்று அதன் இடத்துக்கு இறங்குகிறது. எனவேதான் விடியலில் அமைதி, நடுப்பகலில் ஆரவாரம், அந்தியில் மீண்டும் அமைதி. இதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்ததெல்லாம், முகத்தில் யாரோ கைவைத்துத் தள்ளுகிறார்கள் என்பது மட்டுமே.

பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம் ஒன்று அன்று கால்வழியாக ஞாபகம் வந்தது. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். காற்றில்லாத வேளையில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு, எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், அவன் மார்பில் மோதும் வேகம் முப்பது ஆகிறது. வேகம் இரண்டு மடங்கு. எதிர்ப்போ நான்கு மடங்கு. ஆகையால் வீம்பு பண்ணி அழுத்தி மிதிப்பவன் தோற்கிறான். தலையைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, மெல்ல மிதிப்பவனே முன்னேறுகிறான். இது விளங்க எனக்கு இருபது கிலோமீட்டரும், கெண்டைக்கால் நரம்பு இரண்டு முறை இழுத்துக்கொண்டதும் வேண்டியிருந்தன. கணுக்கால் உயரத்தில் மணல், நீண்ட வெண்பாம்புகள்போல் நெளிந்து சாலையைக் கடந்துகொண்டிருந்தது. முழங்காலுக்கு மேல் வானம் தெளிவாகவே இருந்தது. மணல் பறப்பதைக் காட்டிலும் துள்ளித் துள்ளி ஓடுவதே அதிகம் என்பதை அப்போது கண்டேன். செயினில் புகுந்த மணல் நறநறவென்று அரைத்தது. என் பற்களும் அவ்வாறே.

சில இடங்களில் சாலைக்கு மேற்கே வரிசை வரிசையாய் மரங்கள் நின்றன. அவற்றின் மறைவில் நுழைந்த கணமே பெடல் இலேசாகிவிடும். நகரும் மணலைக் கட்டவும் காற்றைத் தடுக்கவும் இவ்வாறு மரவரிசை வளர்க்கும் முறையை ஆராய்வதற்காகவே 1952இல் ஜோத்பூரில் ஒரு நிலையம் ஏற்பட்டது. 1959 முதல் அது மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாய் விளங்குகிறது. நம் குழந்தைகளின் பள்ளிப் பேருந்து அதன் வாசல் வழியாகத்தான் நாள்தோறும் போகிறது. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

தேச்சுவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வெயில் கண்ணைக் கூசச் செய்தது. கூரை வேய்ந்த சிறு கொட்டகை ஒன்று சாலையோரம் தென்பட்டது. உள்ளே ஈரமணலில் அரைப்பாகம் புதைத்து வைத்த ஐந்தாறு பானைகள். அருகில் ஒரு மூதாட்டி. நம் நாட்டுத் தண்ணீர்ப் பந்தலேதான். இவர்கள் ‘பியாவ்’ என்கிறார்கள். மூதாட்டி நீண்ட மூக்குள்ள செம்பால் என் குவிந்த கைகளில் நீர் வார்த்தாள். இரண்டு செம்பு, மூன்று செம்பு. எந்த ஊர் என்று கேட்டாள். ராமேசுவரம் பக்கம் என்றேன். அருப்புக்கோட்டையை அவளுக்கு எப்படி விளக்குவது? உடனே அவள் செம்பைக் கீழே வைத்து, என்னை நோக்கிக் கைகூப்பினாள். யாத்திரைத் தலத்திலிருந்து வந்தவனாம்! பத்து ஆண்டுக் கடன்காரனை ஒரு கிழவி கும்பிட்டு நிற்கையில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பானைக்கு அருகே பத்து ரூபாயை வைத்தேன். “தண்ணீருக்கு விலையா?” என்று அதை எடுத்து என் சட்டைப்பையிலேயே செருகிவிட்டாள்.

அவ்விரவு தேச்சுவில் ஓர் உணவுக்கடையின் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். மறுநாள் பொக்ரானுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டரே. ஆனால் அதில் மூன்று பஞ்சர். மூன்றுக்கும் காரணம் நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேல முள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, அங்கும் இங்கும் ஒருசேர ஊன்றிக்கொண்ட மரம் அது. டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி பார்ப்பதற்குத் தண்ணீரை வீணாக்க மனம் வராமல், கன்னத்தருகே வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வீசுகிற காற்றில் அந்தச் சிறுகாற்று எங்கே தெரியும்? ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் வந்து, தன் எச்சிலைத் தொட்டு வைத்து ஓட்டையைக் காட்டிக் கொடுத்தான்.

பொக்ரானில் பழைய தோழர் ஒருவரின் குவார்ட்டர்ஸில் தங்கினேன். 1974 மே 18ஆம் நாளும், 1998 மே 11, 13ஆம் நாள்களிலும் அணுகுண்டுச் சோதனை நடந்த மணற்காடு இந்த ஊருக்கு அப்பால்தான் இருக்கிறது. 1998இல் ராமேசுவரத்து அப்துல் கலாம் இராணுவ உடையில், வேறு பெயரில், இந்த வெயிலில் நடமாடினார் என்பதை எண்ணியபோது, எனக்குமுன் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இந்தக் காற்றைச் சுவாசித்திருக்கிறார் என்று ஒரு தெம்பு உண்டாயிற்று.

மூன்றாம் நாள் விடியுமுன் புறப்பட்டேன். இப்போது இருப்புப்பாதையும் அருகே வந்துவிட்டது. ஓதானியா சாச்சா, ஸ்ரீ பாத்ரியா லாட்டி, ஜேட்டா சாந்தன், தையாத் ஹமீரா – அலுவலகத்தில் தாள் தாளாக நான் எழுதிய நிலையப் பெயர்கள் இவை. தாளில் அவை வெறும் கட்டங்கள். இங்கே முதல் நிலையத்தின் அருகே ஒருவன் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்குப் போகும் பெண் குழந்தைகள் எனக்குக் கையசைத்தார்கள். தொலைவில் காற்றாலைகள் நின்றன. ஆரல்வாய்மொழியில் நாம் காணும் அதே காற்றாலைகள். நான் யாரை வைதுகொண்டே வந்தேனோ, அந்தக் காற்றை அவை கைநீட்டி வாங்கி மின்சாரமாக்கிக்கொண்டிருந்தன.

காகோசாவின் கிராமத்துக்குச் சாலையிலிருந்து ஒரு மணல் தடம் பிரிந்து போகும். அதில் சைக்கிளை மிதிக்க இயலாது, தள்ளிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை அதேதான், உடல் பாதியாகிவிட்டது. கண்களில் வெண்மை படர்ந்திருந்தது. “கம்மா கணி, காகோசா” என்று வணங்கினேன். முகத்தைத் திருப்பி, சைக்கிளின் சத்தத்தைச் சிறிது நேரம் கேட்டார்.

“செயினில் மணல் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்தா?” என்றார்.

“ஆமாம்.”

“மதராசி, வந்துவிட்டாயா? உட்கார்.”

அவ்வளவுதான். பத்து ஆண்டு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாய் இருந்திருக்கும். மருமகள் ஒரு பாத்திரத்தில் ‘ராப்டி’ கொண்டுவந்தாள். கம்பு மாவை மோரில் காய்ச்சிய கூழ். ஒரு வாய் குடித்தேன். என் பாட்டியின் கம்பங்கூழ்! நாலு ஆண்டு இந்தப் பக்கத்தில் வேலை செய்தபோது, கூட்டத்தார் இதைக் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஜோத்பூரிலிருந்து வரவழைத்த அரிசியைப் பொங்கித் தின்றவன் நான்.

பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாய்த் தடவி எண்ணினார். ஒன்பதாயிரம் ஆனதும் நிறுத்தி, மீதியைத் திருப்பி நீட்டினார்.

“இது என்ன?”

“பத்து ஆண்டு ஆயிற்றே, காகோசா.”

“நான் கடை வைத்தவனில்லை. உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

“பிறகென்ன?” என்று ஒன்பதாயிரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. அதை அவர் வாங்க மறுத்திருந்தால் நான் என்றும் யாசகனாகவே இருந்திருப்பேன். வாங்கிக்கொண்டு என்னை மனிதனாக்கிவிட்டார்.

ஊருக்கு மாற்றலாகிப் போவதைச் சொன்னேன். தாயார் இருக்கிறார்களா என்று கேட்டார். போகத்தான் வேண்டும் என்றார். வாசலில் புதிதாய் ஒரு குழாய் இருந்தது. தம் இளமையில் தண்ணீருக்காக ஒட்டகத்தோடு நெடுந்தொலைவு போனதையும், இன்று இமயத்துத் தண்ணீர் வாசலுக்கே வருவதையும் சொன்னார். பஞ்சாபில் பியாசும் சட்லெஜும் கூடும் ஹரிக்கே என்னுமிடத்தில் தொடங்கி, 649 கிலோமீட்டர் ஓடிவரும் கால்வாயின் நீர் அது. 1958இல் வேலை தொடங்கியபோது அதன் பெயர் ராஜஸ்தான் கால்வாய். இப்போது இந்திரா காந்தி கால்வாய். ஜோத்பூரில் நாம் குடிக்கும் நீரும் அதிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படுவதுதான்.

மறுநாள் காலை விடைபெற்றபோது வெயில் ஏறிவிட்டது. “வழியில் காற்று எப்படி?” என்று கேட்டார்.

“எதிர்க்காற்று, காகோசா. மூன்று நாளும்.”

“போகும்போது பார்” என்று மட்டும் சொன்னார்.

பொக்ரான்வரை சைக்கிளில் போய், அங்கே ரயில் ஏறுவதாக ஏற்பாடு. சாலைக்கு வந்து மிதிக்கத் தொடங்கினேன். என்ன ஆச்சரியம்! காற்று அடியோடு நின்றுவிட்டது. சுற்றிலும் ஓர் அமைதி. சட்டை படபடக்கவில்லை, காதில் இரைச்சலில்லை. வண்டி தானே ஓடியது. மூன்று நாள் பயிற்சியில் கால் உரமேறிவிட்டது, நான் இனி நல்ல சைக்கிள்காரன்தான் என்று எண்ணினேன். மனைவியிடம் எப்படிப் பெருமை பேசுவது என்றுகூட மனத்துள் வாக்கியம் அமைத்தேன். கல்லுக்குக் கல் எண்ணிப் பார்த்தேன். மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டருக்குக் குறையவில்லை!

தண்ணீர் குடிக்கலாம் என்று பிரேக் பிடித்து இறங்கினேன். இறங்கிய மறுகணம், முதுகில் பளீரென்று அறைந்தது காற்று. தலைத்துண்டு பறந்து பத்தடிக்கு அப்பால் விழுந்தது. மணற்பாம்புகள் என் கால்களுக்கிடையே பொக்ரானை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. காற்று நிற்கவில்லை, ஒரு நிமிஷமும் நின்றிருக்கவில்லை. நான் அதன் வேகத்தில் அதனோடு போனேன். அதனால் அது இருப்பதே எனக்குத் தெரியவில்லை. தெரியாததோடு, அதன் உழைப்பையெல்லாம் என் காலின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

சாலையோரத்தில் வெகுநேரம் நின்றேன். கணக்கு எழுதியே பழகியவன். அங்கேயும் ஒரு கணக்கு எழுதினேன். பன்னிரண்டு ஆண்டு வடக்கே இருந்து பட்ட பாடு என்று நான் ஊரில் போய்ச் சொல்வதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். வெயில், மணல், மொழி, ஏளனம், தனிமை. எல்லாம் உண்மை; எதிர்க்காற்று அத்தனையும் பதிவாகியிருக்கிறது. பின்காற்று ஒன்றாவது பதிவாகியிருக்கிறதா? தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிய கை. ஆடு விற்ற பணம். இலாகாத் தேர்வுக்கு ஹிந்தியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த தோழர். என் மனைவியின் பிரசவத்தன்று இரவு முழுதும் மருத்துவமனைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்டை வீட்டு மார்வாடி அம்மாள். இவற்றையெல்லாம் நான் ‘என் முயற்சியால் முன்னுக்கு வந்தேன்’ என்ற ஒரே வரியில் எழுதி முடித்திருந்தேன்.

எதிர்க்காற்று கண்ணில் மண்ணைத் தூவி, தான் இருப்பதைச் சொல்லிவிடுகிறது. பின்காற்று சொல்வதேயில்லை. இறங்கி நின்று பார்த்தாலன்றி அது தெரிவதில்லை. நானும் இந்த ஊரைவிட்டு இறங்கும் நாள் வந்ததனால்தான் அதைக் கண்டேன் போலும். இன்னும் பல ஆண்டு இங்கே இருக்கப் போகும் நேயர்கள், அதற்காகக் காத்திராமல் இடையிடையே ஒருமுறை இறங்கிப் பார்ப்பது நல்லது.

மாற்றலை நான் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. தாயார் இருக்கிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால், “இந்த மண்ணைவிட்டுத் தொலைந்தால் போதும்” என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டேன். என் பெண் ஒருநாள், “அங்கே ராப்டி கிடைக்குமா அப்பா?” என்று கேட்டாள். “கிடைக்கும். அங்கே அதற்குக் கம்பங்கூழ் என்று பெயர்” என்றேன்.

திருப்பித் தந்த மூவாயிரம் ரூபாய் கையில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் பத்து மண்பானைகளும், நீண்ட மூக்குள்ள இரண்டு செம்புகளும் வாங்கி நம் சங்க அறையில் வைத்திருக்கிறேன். சித்திரைப் பிறப்பன்று சங்க வாசலில், சாலையைப் பார்த்து ஒரு தண்ணீர்ப் பந்தல் போடச் செயலாளர் இசைந்திருக்கிறார். மே மாதம் வரை காலைத் தண்ணீர் நான் நிரப்புகிறேன். அதன்பின் கோடை முழுவதும் நிரப்ப, நாளுக்கு ஒரு குடும்பமாக முறை வைத்துக்கொள்ள வேண்டும். குடிக்க வருகிறவர் எந்த ஊர் என்று கேட்கலாம். காசு கொடுத்தால் மட்டும், அவர் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகிவிடுங்கள்.